குதிங்கால் வலிக்கு எம்ஆர்ஐ: எப்ப எடுக்கணும், எப்படி எடுப்போம், ரிப்போர்ட்ட எப்படி பாக்கணும்

பாளையங்கோட்டையில ஒரு ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ மெஷின் ஓட்டுறது என் வேல. டாக்டர் இல்ல, டெக்னீசியன். என் மேசை டிராயர்ல மீன் எண்ணெய் மாத்திரை ஒரு டப்பா எப்பவும் கெடக்கும், பாக்கவங்க எல்லாம் நான் திங்கத்தான் வச்சிருக்கேன்னு நெனச்சுக்கிடுவாங்க, ஆனா அது நோயாளி குதிங்கால்ல ஒட்டுறதுக்கு. எதுக்குன்னு பின்னால சொல்லுதேன்.

தைப்பூசத்துக்கு திருச்செந்தூர் நடந்துட்டு வந்த ஒரு அக்கா, முக்கூடல் பக்கம், பீடி சுத்துறவங்க, மாசி கடைசியில எங்ககிட்ட வந்தாவ. நடந்து வந்ததுல இருந்து வலது குதிங்கால ஊன முடியல. நாலாவது நாளே எக்ஸ்ரே எடுத்து, எலும்புல முள்ளு வளந்திருக்கு, குதிகால் வாதம்னு சொல்லியாச்சு, பாட்டில கால்ல உருட்டுங்க படியில நின்னு நரம்ப இழுத்து விடுங்கன்னு சொன்னத எல்லாம் ஒண்ணு விடாம செஞ்சிருக்காவ, வலி கூடிக்கிட்டே போயிருக்கு. அஞ்சு வாரம் கழிச்சு எம்ஆர்ஐக்கு எழுதி குடுத்துட்டாங்க. "எங்கக்கா வலிக்கி?"ன்னு கேட்டா "குதிங்கால் பூராந்தான் தம்பி"ன்னாவ.

இந்த "பூராந்தான்" இருக்கு பாத்தீங்களா, இத வச்சுக்கிட்டு ஸ்கேன் எடுத்தா காசு வீண். மெஷின் உள்ள இருக்கற அத்தனையையும் காட்டிரும், அதுல எது வலிக்குதுன்னு அதுக்கு தெரியாது. நீங்க விரல் வைக்கற எடமும் படத்துல வித்தியாசமா தெரியற எடமும் ஒண்ணுதானான்னு பாக்கறதுதான் மொத்த வேலையும்.

1. மொதல்ல எம்ஆர்ஐ வேணுமா

பெரும்பாலும் வேண்டாம். ஸ்கேன் சென்டர்ல சம்பளம் வாங்குறவன் சொல்லுதேன், நம்புங்க. காலைல கட்டில விட்டு எறங்கி வைக்கற மொத எட்டு சுரீர்னு இருக்கும், பத்து இருவது எட்டு நடந்தா கொறயும், ரொம்ப நேரம் உக்காந்துட்டு எந்திச்சா திரும்ப வரும், பாதத்துக்கு அடியில குதிங்கால் உள்பக்கமா அமுக்குனா உயிர் போகும், இப்படின்னா அது பிளான்டார் ஃபேஷியைடிஸ். நம்ம ஊர்ல குதிகால் வாதம்ங்கறது பெரும்பாலும் இதத்தான். குதிங்கால் எலும்புல இருந்து விரல் அடி வரைக்கும் போற கெட்டியான நார் பட்டை ஒண்ணு இருக்கு, அதுதான் பிளான்டார் ஃபேஷியா, அது எலும்புல ஒட்டுற எடத்துல வார புண்ணு மாதிரி. இத டாக்டர் கையால அமுக்கியே கண்டுபிடிச்சிருவாரு. வீட்டு மொசைக் தரையில வெறுங்காலோட நடக்காம மெத்துன செருப்பு, கெண்டைக்காலயும் பாதத்தயும் தெனம் இழுத்து விடறது, எடைய கொறைக்கறது, இப்படியே முக்கால்வாசி பேருக்கு மேல ஒரு வருஷத்துக்குள்ள சரியாயிருது. கொஞ்சம் பொறுமை வேணும், அது நம்மாள்களுக்கு கெடையாது.

அப்ப எப்ப எடுக்கணும்? ஒழுங்கா வைத்தியம் பாத்தும் மாசக்கணக்கா கொறயலன்னா, ஆபரேசன் பேச்சு வந்துட்டுன்னா, நீள நடைக்கு பிறகு, ஓட்டத்துக்கு பிறகு, ஒசரத்துல இருந்து குதிச்ச பிறகு கால ஊனவே முடியலன்னா. எரிச்சல், மரப்பு, கரண்ட் அடிச்ச மாதிரின்னா. ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி, காய்ச்சல், காரணமில்லாம எடை கொறையுதுன்னா. பாதத்துல கட்டி தட்டுப்பட்டா. சுகர் உள்ளவங்களுக்கு குதிங்கால்ல ஆறாத புண்ணுன்னா அது அவசரம், சாமி கும்பிட்டு ரெண்டு வாரம் பாப்போம்னு இருக்கக்கூடாது.

இன்னொண்ணு, பின்னால யாரோ கல்லெறிஞ்ச மாதிரி "டப்"னு ஒரு அடி, அதுக்கப்புறம் நுனிக்கால்ல எக்கி நிக்க முடியலன்னா அக்கிலிஸ் ஜவ்வு, அதாவது கெண்டைக்கால் தசைய குதிங்கால் எலும்போட கட்டுற பின் ஜவ்வு, அறுந்திருக்க வாய்ப்பு, ஸ்கேன் தேடி அலையாம அன்னைக்கே எலும்பு டாக்டர்ட்ட போங்க.

சின்னப்பிள்ளைகளுக்கு, 8 வயசுல இருந்து 14 வயசுக்குள்ள, வெளையாடிட்டு வந்து குதிங்கால் வலிக்குன்னா பெரும்பாலும் அது எலும்பு வளர்ற எடத்து வலி, செவர்ஸ்னு சொல்லுவாங்க, அதுக்கு எம்ஆர்ஐ பொதுவா தேவப்படாது.

2. எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும்

எம்ஆர்ஐக்கு முன்னால எக்ஸ்ரே கண்டிப்பா எடுக்கணும், முடிஞ்சா நின்னுக்கிட்டு எடுக்கணும். ஆனா எக்ஸ்ரேல ரெண்டு ஏமாத்து இருக்கு. ஒண்ணு அந்த முள்ளு. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள்ளு இருக்கும், முள்ளு பயங்கரமா இருக்கற ஆளு ஜம்முனு நடப்பாரு, முள்ளே இல்லாதவரு நொண்டுவாரு. ரெண்டாவது, எலும்புல களைச்சு போய் விழுற மயிரிழை விரிசல் மொத ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல தெரியாமலே போயிரலாம். அந்த அக்காவுக்கு எப்ப எடுத்தாங்கன்னு மேல பாருங்க, நாலாவது நாள்.

அல்ட்ராசவுண்டு செலவு கம்மி, ஃபேஷியா எம்புட்டு தடிமன்னு அளந்திரலாம், 4 மில்லிமீட்டருக்கு மேல போனா வீக்கம்னு எடுத்துக்கிடுவாங்க. வெறும் குதிகால் வாதமா இல்லயான்னு மட்டும் பாக்கணும்னா இதே போதும். எலும்புக்கு உள்ள பாக்க முடியாது, அதுக்குத்தான் எம்ஆர்ஐ.

3. ஒத்த விரலால காட்டுங்க

இதுதான் முக்கியம், எல்லாரும் விட்டுட்டு போறதும் இதத்தான்.

வீட்டுலயே உக்காந்து ஆள்காட்டி விரலால மட்டும் குதிங்கால அங்கங்க அமுக்கி பாருங்க. கை முழுசா வச்சு தடவப்பிடாது, ஒத்த விரல். அடியில, கொஞ்சம் முன்னால தள்ளி உள்பக்கமா வலிச்சா ஃபேஷியா ஒட்டுற எடம். அடியில நட்டநடுவுல, கல்லு மேல மிதிச்ச மாதிரி வலிச்சா குதிங்கால் கொழுப்பு மெத்தை. பின்னால செருப்பு வார் உரசுற எடம்னா அக்கிலிஸ் ஜவ்வோ அதுக்கு முன்னால இருக்கற நீர்ப்பையோ. உள்பக்க கணுக்கால் முட்டிக்கு கீழ தட்டுனா பாதத்துக்கு சுரீர்னு ஓடுச்சுன்னா நரம்பு. கடைசியா, ரெண்டு உள்ளங்கையாலயும் குதிங்கால ரெண்டு பக்கமும் சேத்து நெருக்குங்க, தேங்காய ரெண்டு கையால பிடிக்க மாதிரி. அதுல வலிச்சா எலும்புமேல சந்தேகம் வரணும்.

அந்த அக்காவ நெருக்கி பாத்தேன், "ஏ அம்மா"ன்னு கால இழுத்துக்கிட்டாவ. அடியில அமுக்கும்போது அம்புட்டு வலி இல்ல.

இத சீட்டுல எழுதணும். டாக்டர் சீட்டுல வெறுமன "கணுக்கால் எம்ஆர்ஐ, வலி"ன்னு இருந்தா, தயவு செஞ்சு திரும்ப போய் "எந்த கால், எந்த எடம், எத சந்தேகப்படுறீங்க"ன்னு எழுதி கேளுங்க. நான் வேலைக்கு சேந்த புதுசுல, வேற ஒரு எடத்துல, இதே மாதிரி சீட்டு ஒண்ணு வந்துச்சு, நானும் கணுக்கால நடுவுல வச்சு அழகா எடுத்து குடுத்துட்டேன், குதிங்கால் அடிப்பாகம் படத்துக்கு வெளிய போயிட்டு. பாவம் அந்த பெரியவரு ஆலங்குளத்துல இருந்து ரெண்டாவது தடவை வந்தாரு. என் தப்புதான், ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும்.

அதனாலதான் மீன் எண்ணெய் மாத்திரை. நோயாளி விரல் வச்சு காட்டுற எடத்துல ஒரு மாத்திரைய பிளாஸ்டர் போட்டு ஒட்டிருவோம், லேசா, அழுத்தாம. உள்ள எண்ணெய்தான, டி1ங்கற வகைப் படத்துல வெள்ளைவெளேர்னு முட்டை மாதிரி தெரியும். ரிப்போர்ட் எழுதுற ரேடியாலஜி டாக்டர் நோயாளிய பாக்காமலே அந்த வெள்ளை முட்டைய பாத்து "ஓ, இங்கதான் வலி"ன்னு தெரிஞ்சுக்கிடுவாரு. உங்க சென்டர்ல ஒட்டலன்னா நீங்களே கேளுங்க, யாரும் மறுக்க மாட்டாங்க.

4. உள்ள போறதுக்கு முன்னால

நெறய மெஷின்கள் 1.5 டெஸ்லா, கொஞ்சம் எடத்துல 3 டெஸ்லா, டெஸ்லாங்கறது காந்தத்தோட பலத்த சொல்ற அளவு. 1.5ன்னாலே பூமியோட காந்தத்த மாதிரி 30,000 மடங்குக்கு மேல. ஸ்கேன் ஓடலன்னாலும் காந்தம் ராப்பகலா ஆன்லதான் இருக்கும், அத மறந்துராதீங்க. கதிர்வீச்சு பயம் வேண்டாம், எக்ஸ்ரே மாதிரியோ சிடி மாதிரியோ இல்ல இது.

ஃபாரத்துல கேக்கறதுக்கு உண்மைய சொல்லுங்க. பேஸ்மேக்கர், காதுக்குள்ள வச்ச காக்ளியர் மெஷின், மூளை ரத்தக்குழாய்ல போட்ட கிளிப், இன்சுலின் பம்ப், இதெல்லாம் இருந்தா எந்த கம்பெனி எந்த மாடல்னு அட்டையோட வரணும், சிலது உள்ள விடவே முடியாது. கால் எலும்புல கம்பி தகடு, மூட்டு மாத்துனது பெரும்பாலும் பரவால்ல, ஆனா குதிங்கால்லயே ஸ்க்ரூ இருந்தா அதச் சுத்தி படம் கருப்பா கலங்கிரும். பேட்டை பக்கம் பட்டறையில வெல்டிங், கிரைண்டிங் வேல பாக்கவங்க, என்னைக்காவது கண்ணுல இரும்புத்தூள் விழுந்திருந்தா மறைக்காம சொல்லுங்க, மொதல்ல கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துட்டுத்தான் உள்ள விடுவோம். கர்ப்பமா இருந்தா சொல்லிருங்க.

இனி நம்மூர் விசயம். அரணாக்கயிறு வெள்ளில, தாயத்து, தாலிச்சரட்டுல மாட்டுன ஊக்கு, கொண்டை ஊசி, கொலுசு, மெட்டி. ஊக்குதான் பெரிய வில்லன், ஆளுக்கு குறைஞ்சது நாலு மாட்டிருப்பாவ, அதுல ரெண்டு மறந்திருப்பாவ. மெட்டி கால்லயே இருக்கற நகை, படம் எடுக்கப்போறதும் கால, அதனால கழட்டியே ஆகணும். முப்பது வருஷமா கழட்டாத மெட்டி சென்டர்ல வந்து வராது. முந்துன நாள் ராத்திரியே தேங்காண்ணெய் போட்டு, வரலன்னா தையல் நூல மெட்டிக்கு அடியில நொழச்சு முன்பக்கமா விரல நெருக்கமா சுத்தி, அடியில இருக்க நுனிய பிடிச்சு பைய பிரிச்சுக்கிட்டே வந்தா மெட்டி நூல் மேல ஏறி வழுக்கி வந்துரும். எங்க சென்டர்ல ஒரு ஆச்சிக்கு இப்படி கழட்டுறதுக்கு ஸ்கேன விட அதிக நேரம் ஆச்சு, ஆச்சி கண்ணு கலங்கிட்டு, பிறகு வெரல்ல வெள்ளைத் தடத்த பாத்து சிரிக்கவும் செஞ்சாவ.

சாப்பிட்டுட்டே வரலாம். ஊசி மருந்து போட்டு எடுக்கற காண்ட்ராஸ்ட் ஸ்கேன் குதிங்கால் வலிக்கு வழக்கமா தேவையில்ல, சீழ், கட்டி சந்தேகம் இருந்தா கேப்பாங்க, அப்ப கிட்னி ரிப்போர்ட் கைல வச்சுக்கிடுங்க.

செலவு எடத்துக்கு எடம் மாறும், ரெண்டு மூணு எடத்துல போன் போட்டு கேட்டுருங்க. இங்க ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரில எலும்பு ஓபில காட்டி எழுதி வாங்குனா செலவு கொறயும், காப்பீடு அட்டை வச்சிருக்கவங்க அங்க காப்பீட்டு கவுண்டர்ல மொதல்லயே கேட்டுருங்க, எடுத்து முடிச்ச பிறகு கேட்டா பிரயோசனம் இல்ல.

5. மேசை மேல

கால்தான் மொதல்ல உள்ள போகும், தலை பெரும்பாலும் வெளியிலயோ வாசல் பக்கமோதான் இருக்கும், அதனால குகைக்குள்ள மூச்சு முட்டுமோன்னு பயப்படுறவங்களுக்கு இது லேசு. காலுக்கு பூட்ஸ் மாதிரி ஒரு காயில் மாட்டி, சுத்தி ஸ்பாஞ்ச் சொருகிருவோம். சத்தம் பலமா இருக்கும், கணியான் கூத்துல மகுடம்ங்கற மேளம் அடிக்க மாதிரி ஒரு தாளத்துல அடிக்கும், நிக்கும், வேற தாளத்துக்கு மாறும். காதுல பஞ்சு, ஹெட்போன் தருவோம். இருவது முப்பது நிமிசம். பேசலாம் பாட்டு முனகலாம், கால் மட்டும் ஆடக்கூடாது, கட்டைவிரல் ஒருக்கா ஆட்டுனா அந்த செட் முழுசும் திரும்ப எடுக்கணும்.

ரெண்டு காலும் வலிச்சா கூட ஒரு நேரத்துக்கு ஒரு கால்தான் நல்லது. ரெண்டையும் சேத்து ஒரே படத்துல அடக்குனா படம் பெருசாகி நுணுக்கம் போயிரும். "ஒரே சார்ஜ்ல ரெண்டையும் எடுத்துருங்க தம்பி"ன்னு கேக்காத ஆளே கெடையாது.

எடுக்கறதுல முக்கியமா ரெண்டு வகைப் படம். டி1ல கொழுப்பு வெள்ளையா தெரியும், எலும்பு மஜ்ஜைக்குள்ள கொழுப்பு இருக்கறதால எலும்பும் வெளுப்பா இருக்கும், இது வீட்டு பிளான் மாதிரி, எது எங்க இருக்குன்னு பாக்க. ஸ்டிர்னு இன்னொண்ணு, இல்லன்னா ஃபேட் சாட், அதுல கொழுப்ப அணைச்சிருவோம், தண்ணி மட்டும் வெள்ளையா எரியும். மழைக்காலத்துல மச்சு எங்க ஒழுகுதுன்னு ஈரத்தடம் காட்டுமே, அப்படி. வீக்கம், புண்ணு, விரிசல் எதுவா இருந்தாலும் தண்ணி கோர்க்கும், தண்ணி கோர்த்தா ஸ்டிர்ல வெளுக்கும். ஜவ்வும் ஃபேஷியாவும் ரெண்டுலயும் கருப்பாத்தான் இருக்கணும், கருப்புக்குள்ள வெள்ளை வந்தா கோளாறு.

6. ரிப்போர்ட்ட பாக்கறது

ஃபேஷியா தடிச்சிருக்கு, சுத்தி எடிமா, ஒட்டுற எலும்புல மேரோ (மஜ்ஜை) எடிமான்னு போட்டிருந்தா குதிகால் வாதம் உறுதி. எடிமான்னா நீர்க்கோர்வை, கேன்சர் இல்ல, இத வாசிச்சுட்டு அழுதவங்கள பாத்திருக்கேன். பார்ஷியல் டியர்னா பட்டை பாதி கிழிஞ்சிருக்கு, இழுத்து விடற பயிற்சிய நிறுத்திட்டு டாக்டர கேக்கணும். குதிங்கால்ல ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தா கண்டிப்பா ஸ்கேனுக்கு முன்னால சொல்லுங்க, அந்த ஊசியால ஃபேஷியா கிழியவும் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்பு உண்டு, படத்த பாக்கறவருக்கு அது தெரியணும்.

அக்கிலிஸ் டெண்டினோபதின்னா பின் ஜவ்வு தடிச்சு நைஞ்சிருக்கு. குறுக்கு வெட்டு படத்துல அதோட முன்பக்கம் தட்டையாவோ உள்குழிஞ்சோ இருக்கணும், உப்பி உருண்டு போச்சுன்னா கோளாறு. ரெட்ரோகல்கேனியல் பர்சைடிஸ்ங்கறது ஜவ்வுக்கும் எலும்புக்கும் நடுவுல இருக்கற நீர்ப்பை வீங்குனது, துளி தண்ணி இருக்கது எல்லாருக்கும் சாதாரணம். ஹாக்லண்ட்னு போட்டிருந்தா குதிங்கால் எலும்பு மேல்முனை புடைச்சுக்கிட்டு செருப்புல உரசுது, 1928ல ஸ்வீடன்காரர் பேட்ரிக் ஹாக்லண்ட் எழுதுனது, அவர் பேரே நின்னுட்டு.

ரொம்ப பேரு கவனிக்காம விடுறது பாக்ஸ்டர் நரம்பு. குதிங்காலுக்கு அடியில ஓடுற சின்ன நரம்பு, அது நசுங்குனா வலி அப்படியே குதிகால் வாதம் மாதிரியே இருக்கும். நரம்பு படத்துல லேசுல தெரியாது, ஆனா அது ஓட்டுற தசை, சுண்டுவிரல் பக்கத்து அப்டக்டர் டிஜிடி மினிமை, அது காஞ்சு கொழுப்பா மாறிருக்கும், டி1ல கருஞ்சாம்பலா இருக்க வேண்டிய தசை வெள்ளைக்கோடு போட்டு நிக்கும். வயசானவங்களுக்கு வலி இல்லாமலும் இது இருக்கலாம், அங்கதான் உங்க விரல் சாட்சி சொல்லணும்.

ரெண்டு குதிங்காலும் வலி, வயசு நாப்பதுக்குள்ள, காலைல இடுப்பு இறுகி அரமணி நேரத்துக்கு மேல விறைப்பா இருக்கு, நடந்தா லேசாகுதுன்னா, ரிப்போர்ட்ல எந்தீசைடிஸ் (ஜவ்வு எலும்புல ஒட்டுற எடத்து வீக்கம்), எரோசன் (எலும்பு அரிப்பு)னு வந்தா, வாத டாக்டர்கிட்ட, அதாவது ருமட்டாலஜி, காட்டணும். கால் வைத்தியம் மட்டும் பாத்தா தீராது. சுகர் புண்ணு உள்ளவங்களுக்கு புண்ணுக்கு நேர உள்ள எலும்பு டி1ல கருத்து போயிருந்தா எலும்புல சீழ் பிடிச்சிருக்குன்னு பாப்பாங்க, அது அன்னைக்கே ஆஸ்பத்திரி.

ஒரு ஏமாத்து மெஷின்லயே இருக்கு. கணுக்கால வளைஞ்சு போற ஜவ்வுகள் காந்தத்துக்கு 55 டிகிரி கோணத்துல வார எடத்துல சும்மாவே வெள்ளையா தெரியும், மேஜிக் ஆங்கிள்னு சொல்லுவோம். ஒரே ஒரு படத்துல மட்டும் வெள்ளையா இருந்து டி2ங்கற இன்னொரு வகைப் படத்துல கருப்பாயிட்டுன்னா அது புண்ணு இல்ல. ரேடியாலஜி டாக்டருக்கு இது தெரியும், நீங்க சிடிய போட்டு பாத்து பயந்துராம இருக்கத்தான் சொல்லுதேன்.

அந்த அக்கா படத்துக்கு வாரேன். ஃபேஷியா நல்ல கருப்பா, மெலிசா, ஒழுங்கா இருந்துச்சு. முள்ளும் இருந்துச்சு, அது பாட்டுக்கு. ஸ்டிர் ஓடி முடிச்சு ஸ்கிரீன்ல வந்ததும் குதிங்கால் எலும்பு பின்பாதி முழுசும் வெளுத்து கெடந்துச்சு, டி1ல அதே எடத்துல எலும்புக்கு குறுக்க ஒரு கருப்புக்கோடு, பென்சில்ல கீறுன மாதிரி. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். வெறுங்காலோட அம்புட்டு தூரம் நடந்ததுக்கு எலும்பு களைச்சு விரிஞ்சிருக்கு, அதுமேல நின்னு படியில பயிற்சி வேற செஞ்சிருக்காவ.

7. அதுக்கப்புறம்

ரிப்போர்ட் தாள மட்டும் கொண்டு போகாதீங்க, ஃபிலிம், சிடி, பழைய எக்ஸ்ரே எல்லாத்தோடயும் எழுதி குடுத்த டாக்டர்கிட்டயே போங்க. "என் வலிக்கு காரணம் இதுல எது, சும்மா கூட இருக்கறது எது"ன்னு நேரா கேளுங்க, ரிப்போர்ட்ல நாலு வரி இருந்தா நாலும் வியாதி இல்ல.

அக்காவுக்கு ஊனாம வாக்கர்ல நடக்க சொல்லி, ஆறு வாரம் கால் மேல பாரம் கூடாதுன்னுட்டாங்க. பீடி சுத்தலாமான்னு கேட்டிருக்காவ, சொளவ மடியில வச்சு உக்காந்து சுத்துற வேலதான, தாராளமா சுத்துங்கன்னாராம் டாக்டர். ரெண்டு மாசம் கழிச்சு வலி இல்லாம நடந்து வந்து, "எலும்பு கூடிட்டான்னு இன்னொரு ஸ்கேன் எடுத்துருவோமா தம்பி"ன்னாவ. வேண்டாம்க்கான்னு அனுப்பிட்டேன். வலி போன பிறகும் அந்த வெளுப்பு படத்துல மாசக்கணக்குல நிக்கும், அத பாத்துட்டு திரும்ப பயப்படத்தான் செய்வாவ. நெருக்கி பாத்தேன், கால இழுக்கல. போகும்போது டிராயர பாத்து, "அந்த மாத்திரைய ஒட்டுனீயே, திங்க குடுக்கவே இல்லையேப்பா"ன்னு கேட்டுட்டுத்தான் போனாவ.